ஆச்சியின் நோட்டு: இணையக் கடையின் அமைப்பு விற்பனையை எப்படித் தீர்மானிக்கிறது

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் சுட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவர், இணையக் கடை தொடங்கிய புதிதில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வைத்திருந்தார். கடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவந்தார். கைமுறுக்கு ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும், எந்த எண்ணெயில் சுட்டது, சீப்புச் சீடை எத்தனை நாள் தாங்கும், இன்றைக்குப் பணம் கட்டினால் பெங்களூருக்கு என்றைக்கு வந்து சேரும், தேன்குழல் நொறுங்காமல் வருமா என்று அது பக்கம் பக்கமாக நீண்டது. கடைப் பக்கங்களைத் திருத்தியமைக்க உதவி கேட்டு என்னை வரச்சொன்னவர், அந்த நோட்டை என் முன்னால் வைத்து, “இதெல்லாம் அங்கேயே இருந்தா எனக்கு ஏன் தம்பி போன் பண்றாக?” என்றார்.

இணையக் கடை அமைப்பைப் பற்றி நான் படித்த வழிகாட்டிகளைவிட அந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. அமைப்பு என்றவுடன் நிறம், எழுத்துரு, பேனர் படம், பட்டனின் வடிவம் என்றே பேச்சு தொடங்குகிறது. வாங்க வருபவருக்கு அவை எல்லாம் இரண்டாம்பட்சம். அவர் மனத்தில் ஐயங்கள் ஒரு வரிசையில் எழுகின்றன. நேரில் நிற்கும் கடைக்காரர் அந்த வரிசையை முகக்குறிப்பிலேயே உணர்ந்து, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி, ஒரு முறுக்கை ஒடித்துக் கையிலும் கொடுத்துவிடுகிறார். திரையில் அந்தக் கடைக்காரர் இல்லை. எந்த ஐயம் எந்த இடத்தில் எழுமோ, அந்த இடத்திலேயே அதற்கான விடையை வைப்பதுதான் அமைப்பு; விற்பனை அதைத் தொடர்ந்து வருகிறது. அழைத்துக் கேட்டவர்கள் ஆச்சியின் நோட்டில் இடம்பெற்றார்கள். கேட்காமலே பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் எந்த நோட்டிலும் இல்லை, அவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் அமைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டின் அமைப்பு நினைவுக்கு வராமல் இருக்காது. திண்ணையில் ஏறி நிலைவாசலைக் கடந்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போகப் போக, யார் எதுவரை வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல்வரை பார்வை ஒரே நேர்கோட்டில் ஓடும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் அத்தகைய வீடுகளைப் பார்த்துப் பழகியவர்கள், தங்கள் இணையக் கடைக்கும் அப்படியொரு பெரிய முகப்பு வேண்டும் என்று விரும்புகிறார்கள். முதல் பக்கத்தில் அரண்மனை போன்ற வீட்டின் படம், அதன்மேல் பாரம்பரியத்தைப் பற்றி நான்கு வரி, அது நகர்ந்ததும் இன்னொரு படம். அந்த ஆசையின் பின்னால் உள்ள பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இணையத்தில் ஆள்கள் பெரும்பாலும் தலைவாசல் வழியாக வருவதில்லை. கூகுளில் தேடியோ, உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டோ, இன்ஸ்டாகிராமில் கண்ட படத்தின் வழியாகவோ, நேராக ஒரு பொருளின் பக்கத்தில், அதாவது வளவின் நடுவில் வந்து இறங்குகிறார்கள். முதல் பக்கத்தைப் பார்க்காமலே வாங்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு பொருள் பக்கமும் தனக்குத்தானே முகப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. இது யாருடைய கடை, எந்த ஊர், வேறென்ன கிடைக்கும், சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்பவை எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினாலும் மேல்பட்டியிலேயே தெரிய வேண்டும். வீட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நேர்கோட்டுப் பார்வையைத்தான். பொருளைக் கண்ட இடத்திலிருந்து பணம் செலுத்தும் இடம்வரை வழி வளையாமல் தெரிய வேண்டும்.

பொருள் பட்டியலில் நேரும் ஒரு பிழையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆச்சியின் கடையில் எல்லாப் பலகாரங்களின் பெயரும் ‘செட்டிநாடு பாரம்பரியக் கைப்பக்குவ’ என்றே தொடங்கின. கைபேசித் திரையில் ஒரு வரிசைக்கு இரண்டு படங்கள் வரும். படத்தின் கீழே பெயருக்கு இரண்டு வரி இடம் இருக்கும். தமிழ்ச் சொற்கள் ஒட்டிச் சேர்ந்து நீள்பவை என்பதால் அந்த மூன்று சொற்களிலேயே இரண்டு வரியும் நிறைந்து, மிச்சம் மூன்று புள்ளிகளாக முடிந்துபோனது. முறுக்கு, சீடை, மாவுருண்டை, மனகோலம் எல்லாமே ஒரே பெயரோடு வரிசையாக நின்றன. இணையப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 232 பேரின் கண் அசைவுகளைப் பதிவுசெய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் படிப்பவர்கள் மேலே ஓரிரு வரிகளைக் குறுக்கே படித்துவிட்டு, பிறகு இடது ஓரத்தை ஒட்டியே கீழே இறங்குகிறார்கள் என்று தெரியவந்தது. இடது ஓரத்தில் நிற்பது முதல் சொல். ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல்லே அங்கே நிற்க வேண்டும். ‘கைமுறுக்கு, ஏழு சுற்று, அரை கிலோ’ என்று மாற்றியபோது பெயரும் அடங்கியது, நோட்டிலிருந்த ஒரு கேள்வியும் குறைந்தது. செட்டிநாடு என்ற சொல் கடையின் பெயரிலேயே இருக்கிறது. அதை நாற்பது முறை திரும்பச் சொல்லத் தேவையில்லை.

பட்டன்களில் எழுதும் தமிழுக்கும் இதே கவனம் வேண்டும். ‘கூடையில் சேர்க்கவும்’ என்பது சிறிய திரையில் இரண்டு வரியாக உடைகிறது. ‘வாங்கு’ என்றால் அதட்டுவதுபோல் ஒலிக்கிறது. ‘வாங்க’ என்று எழுதிக் காட்டியபோது ஆச்சிக்கு மிகவும் பிடித்துப்போனது. வாங்குவதற்கு என்ற பொருளோடு, வாசலில் நின்று வரவேற்கும் பொருளும் அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்தப் பட்டன் இருக்கும் இடமும் முக்கியம். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் பொது இடங்களில் 1,333 பேர் கைபேசியைக் கையாள்வதைக் கவனித்துப் பதிவுசெய்தபோது, அவர்களில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கினார்கள். இன்று திரைகள் அன்றைவிடப் பெரியவை, கட்டைவிரல் வளரவில்லை. பக்கத்தை எவ்வளவு கீழே நகர்த்தினாலும் திரையின் அடியில் விலையோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் பட்டன், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவருக்கும் எட்டும்.

தேடும் பெட்டியைப் பல சிறு கடைகள் பெயருக்கு வைத்துவிட்டு மறந்துவிடுகின்றன. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாது. ஆத்தங்குடி என்பதை ‘டி’ ஒன்று போட்டும் இரண்டு போட்டும், ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் தேடுகிறார்கள். காரைக்குடிச் சேலையான கண்டாங்கியின் பெயரும் முறுக்கின் பெயரும் அப்படித்தான். ஓர் எழுத்து மாறியதற்காக ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பெட்டி, கடை நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. மக்கள் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போன சொற்களைப் பதிவுசெய்து வைக்கும் வசதி பெரும்பாலான கடை மென்பொருள்களில் உண்டு. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் சரியான பொருளோடு இணைத்துவிட்டால் போதும். அதுவும் ஒரு நோட்டுத்தான், வாங்க வந்தவர்கள் தாமே எழுதிவைத்துவிட்டுப் போகும் நோட்டு.

தெரிவுகள் எத்தனை இருக்கலாம் என்பது பழைய விவாதம். உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கடையில் 24 வகை ஜாம்களை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினரும், 6 வகைகளை மட்டும் வைத்தபோது 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள். இதைக் காட்டி, பொருள்களைக் குறைத்துவிடுங்கள் என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் 2010-இல் அத்தகைய 50 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, தெரிவுகளின் எண்ணிக்கையால் வந்த விளைவு சராசரியில் ஏறத்தாழ சுழியமாக இருந்தது. என் கருத்தில் எண்ணிக்கை பிரச்சினையே அல்ல. வகைப்படுத்தாமல் கொட்டிவைப்பதுதான் பிரச்சினை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் விற்பவரிடம் அச்சுகள் ஏராளம் இருக்கும். அவற்றைக் குறைக்கச் சொல்வது அவர் தொழிலையே குறைப்பதாகும். தரையின் நடுப்பகுதிக்கா, சுற்றுக்கரைக்கா என்று முதலில் பிரித்து, பிறகு அடிப்படை நிறம், அதன்பின் கல்லின் அளவு என்று ஃபில்டர் வைத்தால், வீடு கட்டுபவர் தம் கொத்தனாரிடம் பேசும் அதே வரிசையில் கல்லைத் தேடிக்கொள்வார்.

பொருள் பக்கத்துக்கு வந்தால், பூக்கல்லையே இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனெனில் ஒரு பக்கம் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பது அதில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. விற்பவர் ஒரு கல்லுக்கு என்ன விலை என்று எழுதுகிறார். வாங்குபவர் என் அறைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். 12 அடிக்கு 12 அடி அறைக்கு, 10 அங்குலக் கல் என்றால் பரப்பளவுக் கணக்கில் 208 கல் வரும். ஆனால் ஒரு வரிசைக்கு 14.4 கல் வருவதால் இரண்டு பக்க ஓரங்களிலும் வெட்ட வேண்டும். பூ வேலைப்பாடு உள்ள கல்லில் வெட்டிய மிச்சம் வேறிடத்தில் பெரும்பாலும் பொருந்தாது. எனவே வரிசைக்கு 15 என்று 225 கல் வாங்குவதே பத்திரம். அதே அறைக்கு 8 அங்குலக் கல் வரிசைக்குச் சரியாக 18, மொத்தம் 324. 12 அங்குலக் கல் வரிசைக்குச் சரியாக 12, மொத்தம் 144. இரண்டிலும் ஓரத்தில் வெட்டே இல்லை. அறையின் நீள அகலத்தைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் இரண்டு கட்டங்களை விலைக்குக் கீழே வைப்பது ஒரு நிரலருக்கு அரை நாள் வேலை. உடைசலுக்கு எத்தனை கல் கூடுதலாக எடுக்க வேண்டும், லாரியில் அனுப்ப என்ன ஆகும் என்பதும் அந்த விடையோடு சேர்ந்தே வர வேண்டும். நேரில் வருபவருக்கு விற்பவர் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுக்கும் கணக்கு இதுதான். திரையில் மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு ஐயம் ஒளிந்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறக்கலவையைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. கையால் ஊற்றுவதால் நிறம் கல்லுக்குக் கல் சற்றே மாறும். இதைச் சொல்லாமல் ஒரே ஒரு கல்லின் படத்தை மட்டும் போட்டால், வந்து இறங்கிய சரக்கைப் பார்த்தவர் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். தயாரிப்பைக் காட்டும் காணொளியை முதல் பக்கத்தின் உச்சியில் பெருமைக்காக வைப்பதைவிட, ‘நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் வைத்தால் அது வேலை செய்யும். கை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த வேறுபாடு குறையாகத் தோன்றாது. விரித்த தரையின் படம் ஒன்று, பத்துப் பதினைந்து கல்லைச் சேர்த்து வைத்து எடுத்த படம் ஒன்று, தனிக் கல்லின் படம் ஒன்று, இந்த வரிசையில் இருந்தால் நலம்.

கண்டாங்கிச் சேலையின் ஐயங்கள் வேறு. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைத் தேடி வருபவர்களில் அந்தத் துணியைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர். துணியைக் கசக்கிப் பார்ப்பதுதான் சேலைக் கடையில் முதல் வேலை. திரையில் அது முடியாது. அதற்கு ஈடாக நூலின் தடிமன் தெரியும் அளவுக்கு நெருங்கி எடுத்த படமும், மடிப்பு எப்படி விழுகிறது என்று காட்டும் படமும், கட்டியவர் நின்றால் கரை எவ்வளவு அகலமாகத் தெரியும் என்று காட்டும் படமும் வேண்டும். அரக்கும் கடுகு மஞ்சளும் மின்விளக்கில் ஒரு நிறம், முற்றத்து வெயிலில் ஒரு நிறம். இரண்டையும் காட்டிவிட்டு எது எந்த வெளிச்சம் என்று எழுதிவிட்டால், நிறம் வேறு என்று திரும்பி வரும் சேலைகள் குறையும். நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி அதில் சேர்ந்ததா, முதல் சலவையில் சாயம் போகுமா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்ற நான்குக்கும் விடை விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருப்பி எடுக்கும் விதியைப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் ஒளித்து வைப்பவர்கள், வாங்குபவர் அதைப் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அதைத் தேடிக் காணாதவர்தான் வாங்காமல் போகிறார்.

பலகாரத்துக்கு எண்ணெயின் பெயர், செய்த நாள், எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பது, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை படத்துக்கு அடுத்த நிலையிலேயே வர வேண்டும். ‘எங்கள் கதை’ அதற்குக் கீழே வரட்டும்.

இனி, கடை தன் வாடிக்கையாளரைப் பெரும்பாலும் இழக்கும் இடத்துக்கு வருகிறோம். இணையவழிக் கடைகளின் பயன்பாட்டைத் தொடர்ந்து ஆராயும் பேமார்ட் நிறுவனம், கூடையில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாகச் சுமார் 70 விழுக்காட்டினர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களை நீக்கிவிட்டுக் காரணம் கேட்டால் முதலில் வருவது கூடுதல் செலவு: கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் டெலிவரி கட்டணமும் வரியும். பலகாரத்தில் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையானது, ஏனெனில் முறுக்கு எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, வரும் எண் உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுகின்றன. 30-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர் பெட்டியில் இரண்டு கிலோ முறுக்கு இருந்தாலும் கணக்கில் அது 3.6 கிலோ. விற்பவருக்கு இதில் இலாபம் எதுவும் இல்லை. ஆனால் கடைசி நொடியில் அந்தத் தொகையைப் பார்ப்பவருக்கு, அது தன் தலையில் கட்டப்பட்டதாகவே தோன்றும்.

தீர்வு, அந்தத் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். பொருள் பக்கத்திலேயே பின்கோடு கேட்கும் ஒரு கட்டத்தை வைத்து, கட்டணம் எவ்வளவு, எந்தக் கிழமை கிடைக்கும் என்று இரண்டையும் ஒரே வரியில் காட்டலாம். ‘மூன்று முதல் ஐந்து வேலை நாள்’ என்பதைவிட ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பது நல்லது. சனிக்கிழமை வீட்டில் விசேஷம் வைத்திருப்பவருக்குத் தேவை அந்த விடைதான். பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறதென்றால் அதையும் சொல்லலாம். ‘இன்னும் அரை கிலோ சேர்த்தாலும் இதே கூரியர் கட்டணம்தான்’ என்று கூடைப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, அதன்கீழ் கூட அனுப்பத் தக்க இரண்டு பலகாரங்களை மட்டும் காட்டினோம். கூடுதலாக விற்பதற்கு எத்தனையோ உத்திகள் சொல்கிறார்கள். வாங்குபவருக்கும் மெய்யாகவே பயன்படும் உத்தி என்பதால் எனக்கு இதில் மட்டுமே முழு நம்பிக்கை. எல்லாப் பொருளையும் ‘நீங்கள் இதையும் விரும்பலாம்’ என்று பணம் செலுத்தும் பக்கம்வரை துரத்திக்கொண்டு வருவது, கல்லாவில் நிற்பவரின் கையைப் பிடித்து மறுபடி கடைக்குள் இழுப்பதுபோல் இருக்கிறது.

பணம் செலுத்தும் பக்கத்தில் முதலில் கணக்குத் தொடங்கச் சொல்வது பரவலான தவறு. அமெரிக்காவில் பெரிய கடை ஒன்றில், பதிவு செய்யச் சொன்ன பட்டனை எடுத்துவிட்டுத் ‘தொடர்க’ என்று மாற்றியதும் வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினார்கள் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் எழுதியது இத்துறையில் பலரும் அறிந்த செய்தி. செட்டிநாட்டுக் கடைகளுக்கு அதோடு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நகரத்தார் குடும்பங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவியிருப்பதால், பணம் கட்டுபவர் ஒரு நாட்டிலும் பலகாரம் போய்ச் சேர வேண்டிய அப்பத்தா வீடு தேவகோட்டையிலும் இருப்பது சாதாரணம். ஆச்சியின் கடையில் கைபேசி எண்ணுக்குரிய கட்டம் பத்து இலக்கம் இல்லாமல் எதையும் ஏற்கவில்லை. சிங்கப்பூர்க் கைபேசி எண் எட்டு இலக்கம். அங்கிருந்து வாங்க முயன்ற ஒருவர் முன்னால் இரண்டு சுழியம் போட்டு எப்படியோ உள்ளே நுழைந்துவிட, ஓடிபி எந்த எண்ணுக்குப் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி, வாங்குபவரின் எண்ணுக்கும் பெறுபவரின் எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம், பெட்டிக்குள் விலைச்சீட்டு வைக்க வேண்டாம் என்று குறிக்கும் ஒரு சிறு கட்டம் ஆகிய மூன்று திருத்தங்களும் அழகு சார்ந்தவை அல்ல. ஆனால் அந்தக் கடையில் நாங்கள் செய்த மாற்றங்களில் ஆச்சி அதிகம் மகிழ்ந்தது இவற்றுக்குத்தான்.

மற்ற கட்டங்களைக் குறைத்தால் போதும். பின்கோடு போட்டதும் ஊரும் மாவட்டமும் தாமே நிரம்பட்டும். உள்நாட்டில் வாங்குபவருக்கு யுபிஐ முதலில் நிற்கட்டும்.

வேகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கைபேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் 53 விழுக்காட்டினர் போய்விடுகிறார்கள் என்று கூகுள் 2016-இல் அறிவித்தது. இன்று அது வைக்கும் அளவுகோல், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது. நம் கடைகளில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள்தான். அவற்றைச் சுருக்கி, படம் வருவதற்கு முன்பே அதற்குரிய இடத்தை ஒதுக்கிவிட்டால், தொடப்போகும் நேரத்தில் பட்டன் கீழே குதித்து ஓடுவதும் நின்றுவிடும்.

விற்பனையைக் கூட்டும் அமைப்பு என்று சொல்லி விற்கப்படும் சில உத்திகள், வாங்குபவரை அவசரப்படுத்துவதையும் குழப்புவதையுமே நம்பியிருக்கின்றன. இவற்றைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிறு கடைக்காரர்கள் ஆயத்தமாக வரும் கடைப் பக்க வார்ப்புருவை விலைக்கு வாங்கும்போது இவையும் கூடவே வந்துவிடுகின்றன. திறக்கும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பத்து நிமிடம் ஓடும் கடிகாரம், ‘இப்போது 17 பேர் பார்க்கிறார்கள்’ என்ற கற்பனை எண், கேட்காமலே கூடையில் ஏறும் நன்கொடை, ‘வேண்டாம், எனக்குச் சேமிப்பதில் விருப்பமில்லை’ என்று வெட்கப்பட வைக்கும் பட்டன் ஆகியவை அந்த வகை. ஒன்றிய அரசு 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகைய 13 ஏமாற்று வடிவங்களைப் பெயர் சொல்லித் தடைசெய்கின்றன. கட்டணத்தைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துவதும் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், வாங்குபவரின் ஒப்புதலை முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டத்தின் மூலம் பெறக்கூடாது என்றும், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும் என்றும், வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே உள்ள எனாமல் தூக்குவாளியோ, தேக்கு மரத் தூணோ, பழைய கண்ணாடியோ மெய்யாகவே ஒன்றே ஒன்றுதான். அதை இணையத்தில் விற்பவர் ‘ஒன்று மட்டுமே உள்ளது’ என்று எழுதினால் அது முழு உண்மை. விற்றதும் அந்தப் பக்கத்தில் ‘விற்றாயிற்று’ என்று போட்டு, படத்தை அப்படியே விட்டுவைத்தால் கடையின் சொல்லுக்கு அதுவே சான்றாகவும் நிற்கும். தினமும் சுடும் முறுக்குக்கு அதே வரியைப் போட்டால், அடுத்த வாரம் திரும்பி வருபவர் மறுபடியும் ‘மூன்று மட்டுமே மீதம்’ என்று பார்ப்பார், அத்தோடு மற்ற எல்லா வரிகளையும் சந்தேகிக்கத் தொடங்குவார். எண்ணெய் எது என்று நாம் உண்மையாகச் சொன்னதும் அந்தச் சந்தேகத்தில் அடிபட்டுப் போகும். பலகாரம் விற்பவர்கள் ஒருமுறை வாங்குபவரை நம்பிப் பிழைப்பதில்லை. தீபாவளிக்கு வாங்கியவர் பொங்கலுக்கும் வர வேண்டும்.

பக்கங்கள் திருந்திய பிறகு ஆச்சியின் நோட்டு மூடப்படவில்லை. அதில் விழும் கேள்விகள் மாறின. எண்ணெயையும் கூரியரையும் பற்றிக் கேட்பவர்கள் குறைய, கல்யாணத்துக்குச் சீர் பலகாரம் வேண்டும் என்று அழைப்பவர்கள் மிஞ்சினார்கள். அது கூடையில் அடங்கும் கொள்முதல் அல்ல. ஆயிரக்கணக்கில் எண்ணிச் செய்ய வேண்டியது. அதற்கெனத் தனியாக ஒரு பக்கம் அமைத்து, வழக்கம்போல் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், தேவைப்படும் பலகாரங்கள், எண்ணிக்கை, கடைசியில் தேதி என்று ஒரு படிவம் வரைந்து காட்டினேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்துவிட்டு, “முகூர்த்தம் என்னைக்குன்னு தெரியாம நான் எப்படித் தம்பி ஒத்துக்கிறது? அதை மொதல்ல கேளுங்க. அடுத்து ஊரு. எத்தனை பேருங்கிறது அப்புறம்” என்றார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டு வேலையை அவர் ஏற்பதில்லை. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு நாள்காட்டி வருகிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாள்கள் அதில் மங்கலாகத் தெரிகின்றன. நாள் காலியாக இருந்தால் ஊரையும் ஆள் கணக்கையும் கேட்கிறது. பெயரும் எண்ணும் கடைசியில்.